இருநூறு கணினிகளுக்கு ஓர் உத்தரவு

பெரிய நிறுவனங்களின் கணினிக்கூடங்களைப் படத்தில் பார்த்த பலருக்கும் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் அலமாரியிலும் தட்டுத் தட்டாகக் கணினிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிறு விளக்குகள் மினுக்குகின்றன. ஆனால் அவற்றுள் எந்தக் கணினிக்கும் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளும் இல்லை. நம் வீட்டிலுள்ள ஒரே ஒரு கணினி புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்ள வேண்டுமென்று அடம்பிடித்தால், அதன் முன்னே அரைமணி நேரம் காத்துக் கிடக்கிறோம். அப்படியிருக்க, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கணினிகளைக் கட்டியாளும் நிர்வாகி, அவை அனைத்துக்கும் ஒரே செய்தியை எவ்வாறு சொல்லுகிறார்? சொன்னபடி அவை எல்லாம் செய்தனவா என்பதை எவ்வாறு அறிகிறார்?

இவ்விரு கேள்விகளில் முதலாவதே கடினமானது என்று நமக்குத் தோன்றும். உண்மை நேர்மாறானது. ஆயிரம் கணினிகளுக்கு உத்தரவை அனுப்புவது, நன்றாகப் பழகிய மாணவன் ஒருவன் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. திரும்பி வருகிற ஆயிரம் விடைகளைக் கேட்டறிவதிலும், வராத விடை எது என்று கண்டுகொள்வதிலுமே இத்தொழிலின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எழுத்தே கட்டளை

படங்களையும் பொத்தான்களையும் தொட்டுக் கணினிக்கு உத்தரவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டபடியால், அதற்கு முற்பட்டதும் இன்றளவும் நிர்வாகிகள் கைவிடாததுமான மற்றொரு முறை இருப்பதைப் பலர் அறியார். கறுப்புத் திரையில் ஒரு வரியை எழுதி அனுப்பினால், அவ்வரியைப் படித்துப் பொருள்கொண்டு, உரிய நிரலை இயக்கி, அதன் விடையையும் எழுத்தாகவே திருப்பித் தருகிற நிரல் ஒன்று உண்டு. அதற்கு ஷெல் என்று பெயர். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக 1971-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் எழுதிய ஷெல்லின் சந்ததியே, இன்று லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஓடும் வழங்கிக் கணினிகளிலெல்லாம் கட்டளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஷெல்லுக்கு மூன்று குணங்கள். கட்டளை எழுத்தால் ஆனது. விடையும் எழுத்தால் ஆனது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணை விட்டுச் செல்லுகிறது. அந்த எண் பூஜ்யமானால் காரியம் ஜயம். வேறு எதுவானாலும் ஏதோ கோளாறு. பொத்தானை அழுத்துகிற விரலைப் பிரதியெடுக்க முடியாது, எழுதிய வரியை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். கம்பி வழியே எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பார்வைக்கு அழகில்லாத இந்தப் பழைய முறை அரைநூற்றாண்டுக்கு மேலாக உயிரோடிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தூரத்துக் கணினியின் வாசல்

ஒரு கணினியில் உட்கார்ந்துகொண்டு மற்றொன்றின் ஷெல்லை ஏவும் வசதி, 1983-இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பிலேயே ஆர்எஸ்எச் என்ற பெயரில் கிடைத்தது. ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஆராய்ச்சிச் சமூகத்துக்காகச் செய்யப்பட்ட சாதனம் அது. வருகிறவர் தம்மை இன்னாரென்று சொன்னால் நம்பிவிடும் சுபாவமுடையது. போகிற வரிகளையும் வருகிற வரிகளையும் மூடாமல் திறந்தபடியே அனுப்புவது. வலையமைப்பில் இடையே உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். 1995-இல் பின்லாந்திலுள்ள ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை எவரோ இவ்வாறு திருடியதை அடுத்து, அங்கே ஆராய்ச்சியாளராயிருந்த டாட்டு யுலோனன் இதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்னும் நிரலை எழுதினார். 1999-இல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதன் வழியில் செய்து இலவசமாக வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச் என்பதே இன்று எங்கும் வழங்குகிறது.

நம் விஷயத்துக்கு அவசியமானது எஸ்எஸ்எச் உபயோகிக்கும் சாவி இரட்டை. நிர்வாகி தம் கணினியில் ஒன்றோடொன்று கணிதத்தால் பிணைந்த இரண்டு எண்களை உண்டாக்கிக்கொள்ளுகிறார். ஒன்று அந்தரங்கச் சாவி. அது அவர் கணினியைவிட்டு ஒருபோதும் வெளியே செல்வதில்லை. மற்றது பொதுச் சாவி. அதை அவர் ஆளும் கணினிகள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே வைத்துவிடுகிறார். பின்னர் அவர் ஒரு கணினியின் வாசலுக்கு வரும்போது, அந்தத் தடவைக்கென்றே பிறந்த செய்தி ஒன்றில் அந்தரங்கச் சாவியால் கையொப்பமிடுகிறார். அந்தக் கணினி தன்னிடமுள்ள பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்த்து உள்ளே விடுகிறது. கடவுச்சொல் தட்ட வேண்டியதில்லை என்ற சௌகரியத்தினால்தான், மனிதர் இல்லாமலேயே ஒரு நிரல் நிர்வாகிக்குப் பதிலாக இருநூறு வாசல்களில் ஏககாலத்தில் நுழைவது சாத்தியமாகிறது. அந்தரங்கச் சாவியைத் திருடியவனுக்கும் அதே இருநூறு வாசல்கள் ஏககாலத்தில் திறக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

2012 ஜூன் 30, நள்ளிரவு

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதன் வழியே செல்லுவோம்.

பூமியின் சுழற்சி அணுக்கடிகாரங்களைப் போல ஒரே சீரானதன்று. ஆகவே 1972 முதல், இரண்டுக்கும் இடையே வேற்றுமை மிகாதபடி, அவ்வப்போது உலக நேரத்தில் ஒரு வினாடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. அதனை மிகை வினாடி என்போம். 2012 ஜூன் 30-ஆம் நாள் உலக நேரப்படி நள்ளிரவில், அதாவது இந்தியாவில் ஜூலை முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி 30 நிமிஷம் ஆகும் தறுவாயில், அத்தகைய வினாடி ஒன்று சேர்க்கப்பட்டது. அக்கணமே உலகெங்கும் லினக்ஸ் கணினிகள் பல வெறிகொண்டவை போலாயின. ரெட்டிட் தளம் தடுமாறியது. மொஸில்லாவின் வழங்கிகள் திணறின. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானங்கள், பயணிகளைப் பதிவு செய்யும் கணினி முறை நின்றுபோனதால் தாமதமாயின. தன் கூடங்களில் மின்சாரச் செலவு ஏறத்தாழ ஒரு மெகாவாட் உயர்ந்துவிட்டதென்று ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் வாடிக்கையாளருக்கு எழுதிற்று.

காரணம் இதுதான். லினக்ஸின் மையப்பகுதியில் நேரத்தைச் சொல்லும் கடிகாரம் ஒன்று. "இவ்வளவு நேரம் கழித்து என்னை எழுப்பு" என்று நிரல்கள் கேட்டுக்கொண்டால் அவற்றை எழுப்பிவிடும் பகுதி மற்றொன்று. மிகை வினாடி வந்ததைக் கடிகாரம் அறிந்தது. எழுப்பும் பகுதிக்கு அச்செய்தி சொல்லப்படவில்லை. ஆகவே அது ஒரு வினாடி முந்தியே ஓடிற்று. அரை வினாடி உறங்க விரும்பிய நிரலை அது படுத்தவுடனே எழுப்பியது; அந்நிரல் மீண்டும் படுத்தது; மீண்டும் எழுப்பப்பட்டது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இவ்வாறு நிகழவே, கணினிகள் பயனற்ற உழைப்பில் கொதித்தன.

பரிகாரமோ நகைப்புக்கிடமானது. டேட் என்னும் கட்டளையைக் கொண்டு கடிகாரத்தை அது இப்போது காட்டும் நேரத்துக்கே திருப்பி வைத்தால் போதும். அவ்வாறு வைக்கும்போது "கடிகாரம் மாற்றப்பட்டது" என்ற அறிவிப்பு எழுப்பும் பகுதிக்கும் போய்ச் சேரும், நோய் அடங்கும். வினாடியின் பின்னப் பகுதி அதில் உதிர்ந்துபோகும் என்பது மெய்யே. அதைப் பிற்பாடு சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணு001 முதல் கணு200 வரை பெயரிட்ட இருநூறு கணினிகள் இருப்பதாகவும், அவற்றுள் ஓடிக்கொண்டிருந்தவையெல்லாம் இந்த நோய்க்கு ஆளாகியிருப்பதாகவும் கொள்வோம். நிர்வாகி கையில் மருந்து ஒரு வரி. அதை இருநூறு வாயில் ஊட்ட வேண்டும்.

ஒரு வரியை இருவர் படிக்கிறார்கள்

அனுப்புவதற்கு முன்பே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. "டேட் இப்போது எதைச் சொல்லுகிறதோ, அந்த நேரத்தைக் கடிகாரத்துக்கு வை" என்பது கட்டளை. இதில் ஒரு கட்டளைக்குள்ளே மற்றொரு கட்டளை பொதிந்திருக்கிறது. இவ்வரியை முதலில் படிப்பது நிர்வாகியின் சொந்தக் கணினியிலுள்ள ஷெல். அடுத்துப் படிப்பது தூரத்துக் கணினியின் ஷெல். உள்ளே பொதிந்த கட்டளையை இவ்விருவரில் யார் நிறைவேற்றுவது?

வரியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால் முதல் ஷெல்லே அதைச் செய்துவிடும். கணுக்களுக்குப் போவது, "5 மணி 41 நிமிஷம் 7 வினாடி என்று வை" என்ற உறைந்துபோன நேரம். அந்தச் செய்தி கடைசிக் கணுவை அடைவதற்குள் பதினான்கு வினாடி கழிந்திருந்தால், அந்தக் கணுவின் கடிகாரம் பதினான்கு வினாடி பின்னோக்கிப் போய்விடும். அதன்பின் எழுதப்படும் பதிவுகள் முன்னர் எழுதப்பட்டவற்றுக்கும் முற்பட்டவை போலத் தோன்றும். ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினாலோ, முதல் ஷெல் உள்ளே கை வைப்பதில்லை. வரி எழுதியது எழுதியபடியே போய்ச்சேர, ஒவ்வொரு கணுவும் தன் கடிகாரத்தைத் தானே பார்த்துத் தானே வைத்துக்கொள்ளுகிறது. இரண்டு சிறு கோடுகளுக்கும் நான்கு சிறு கோடுகளுக்கும் உள்ள வேற்றுமைதான் மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வேற்றுமை. அதிலும் விபரீதம் என்னவென்றால், தவறான வரியும் நோயைத் தீர்த்துவிடும்! கணினிகள் அமைதியடையும், நிர்வாகி மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார், கடிகாரங்கள் பொய் சொல்லத் தொடங்கியது பின்னர்தான் தெரியவரும்.

ஒவ்வொன்றாகவா, ஒருங்கேயா?

ஒவ்வொரு கணுவிலும் கையால் நுழைந்து கட்டளையைத் தட்டி வெளியேற அரை நிமிஷம் ஆகுமென்றால், இருநூறுக்கு நூறு நிமிஷம். கணுக்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கட்டளையைத் தானே அனுப்பும்படி ஷெல்லுக்கே ஒரு சுழற்சியை எழுதிக் கொடுப்பது அடுத்த படி. ஒரு கணுவுக்கு இரண்டு வினாடி என்றால், நானூறு வினாடி. ஏழு நிமிஷத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

முடிவதில்லை. மூன்று கணுக்கள் இறந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இறந்த கணினி "நான் இறந்துவிட்டேன்" என்று சொல்லாது. லினக்ஸ் அதன் கதவைத் தட்டுகிறது, பதிலில்லை, சற்று இடைவெளி விட்டு மறுபடி தட்டுகிறது, இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், இரண்டு நிமிஷத்துக்கு மேல் தட்டிய பிறகே மனம் தளருகிறது. ஆக, உயிருள்ள 197 கணுக்களுக்குச் செலவான நேரத்துக்கு ஏறக்குறையச் சமமான நேரம் மூன்று பிணங்களின் வாசலில் கழிந்துபோகிறது. இச்சுழற்சிமுறையில் இன்னொரு பழைய சங்கடமும் உண்டு. பெயர்ப் பட்டியலை வரி வரியாகப் படித்துக்கொண்டே போகும்படி அதை அமைத்தால், முதல் கணுவுக்குச் சென்ற எஸ்எஸ்எச், மீதியுள்ள பட்டியலைத் தனக்காக வந்த உள்ளீடு என்று எண்ணி முழுவதும் விழுங்கிவிடும். முதல் கணுவில் வேலை முடியும்; பிழை என்று ஒரு சொல்லும் வராது; சுழற்சியும் கௌரவமாக நின்றுவிடும். இருநூறில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து போயிற்று என்பதை யாரும் சொல்லமாட்டார்கள்.

சரி, இருநூறு கணுக்களையும் ஒரே கணத்தில் அழைத்தால் என்ன? இருநூறுக்கு அது முடியும், இருபதாயிரத்துக்கு முடியாது. ஒவ்வோர் இணைப்புக்கும் நிர்வாகியின் கணினியில் நினைவகம் வேண்டும், மறையாக்கக் கணக்கு செய்ய வேண்டும். பல நிலையங்களில் உட்கணினிகளை அடைவதற்கு ஒரே ஒரு வாயிற்கணினி வழியாகத்தான் போக வேண்டும். இன்னும் அடையாளம் நிரூபிக்காத இணைப்புகள் பத்துக்கு மேல் சேர்ந்துவிட்டால், புதிதாக வருகிறவற்றில் நூற்றுக்கு முப்பதைக் குருட்டாம்போக்கில் திருப்பியனுப்புவது ஓபன்எஸ்எஸ்எச்சின் இயல்பான ஏற்பாடு. திருடர் கூட்டத்தைத் தடுக்க வைத்த காவலன் எஜமானரின் தூதர்களையும் விரட்டுகிறான்.

ஆகவே நடுவழி ஒன்றைக் கைக்கொண்டார்கள். கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் மீக்கணினிகளை ஆள்வதற்காக எழுதப்பட்ட பிடிஎஸ்எச் என்னும் நிரல், ஒரு சமயத்தில் 32 கணுக்களோடு மட்டும் பேசும். அவற்றுள் ஒன்று முடிந்தவுடன் பட்டியலில் அடுத்ததை அந்த இடத்தில் அமர்த்தும். இந்த எண்ணிக்கையை விரிகை என்று அழைக்கலாம். இணைப்புக்காகப் பத்து வினாடிக்கு மேல் அது எந்தக் கணுவிடமும் காத்திராது. நம் உதாரணத்தில் ஏழு அலைகளாக, பதினான்கு வினாடியில் வேலை முடியும். இறந்த மூன்று கணுக்களும் பட்டியலின் கடைசியில் இருந்து தாமதப்படுத்தினாலும் இருபத்திரண்டு வினாடிக்கு மேற்போகாது. ஒருவர் இடத்தில் நின்றதால் மற்றவர் நிற்பதில்லை என்பதே இதன் ரகசியம்.

விரிகை எவ்வளவு இருக்கலாம் என்பதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மனோபாவம். பிரான்ஸின் அணுசக்தி ஆணையத்தில் எழுந்த கிளஸ்டர்ஷெல் 64 என்று தொடங்குகிறது; 2012-இல் வெளிவந்து இப்போது பரவலாக வழங்கும் ஆன்ஸிபிள் வெறும் 5 என்று தொடங்குகிறது. கணுக்கள் பல்லாயிரமாகும்போது, நிர்வாகி 64 கணுக்களுக்குச் சொல்லி, அவை ஒவ்வொன்றும் வேறு 64-க்குச் சொல்லுமாறு மரக்கிளை போல் விரிக்கும் முறையும் உண்டு. இரண்டே தாவலில் 4,096 கணுக்களை எட்டலாம்.

விடைகளைப் படிக்கும் கலை

கட்டளை போயிற்று, விடைகள் வருகின்றன. ஒவ்வொரு கணுவும் ஐந்து வரி பேசினாலும் ஆயிரம் வரி. அவை வரிசையாக வருவதும் இல்லை. எது முந்தி முடிக்கிறதோ அது முந்திப் பேசும். பலர் பேச்சு ஒன்றோடொன்று கலந்து வரும். ஆதலால் ஒவ்வொரு வரியின் தலையிலும் அதைச் சொன்ன கணுவின் பெயரை ஒட்டிவிடுவது முதல் உபகாரம். இரண்டாவது உபகாரம், ஒரே விடையைச் சொன்னவர்களை ஒன்றாகத் திரட்டி, அவர்கள் பெயர்களைச் சுருக்கி, அந்த விடையை ஒரே ஒரு முறை காட்டுவது. பிடிஎஸ்எச்சின் துணைநிரல் ஒன்று இதையே செய்கிறது. ஆயிரம் வரிகள் மூன்று நான்கு பத்திகளாகச் சுருங்கிவிடும். கண்ணுக்குப் படவேண்டிய வேற்றுமை தானே எதிரே வந்து நிற்கும்.

ஆனால் இந்த உபகாரத்தைப் பெறுவதற்குக் கேள்வியைத் தக்கபடி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "உன் சுமை எவ்வளவு?" என்று இருநூறு கணுக்களையும் கேட்டால், ஒன்று 0.31 என்னும், மற்றொன்று 0.42 என்னும், எல்லாம் நலமாயிருந்தாலும் இருநூறு விடையும் இருநூறு விதம். திரட்டுவதற்கு ஒன்றுமில்லை. "உன் சுமை எட்டுக்கு மேல் இருக்கிறதா?" என்று கேட்டால் விடை ஆம் அல்லது இல்லை. ஆரோக்கியமான கணினிகள் அனைத்தும் எழுத்துக்கு எழுத்து ஒரே விடையைச் சொல்லும்படியாகக் கேள்வியை அமைத்துக்கொள்பவரே தேர்ந்த நிர்வாகி. டேட் கட்டளைகூடக் கடிகாரத்தை வைத்த பிறகு அந்த நேரத்தை அச்சிட்டுக் காட்டும் வழக்கமுடையது. கணுவுக்குக் கணு வினாடி வேறுபடுவதால் அந்தப் பேச்சைக் குப்பையில் எறிந்துவிட்டு, மேற்சொன்ன கேள்வியைத் தனியே கேட்பதுதான் முறை.

கேட்டாயிற்று. 191 கணுக்கள் "இல்லை" என்கின்றன; மருந்து பலித்துவிட்டது. கணு121 முதல் 125 வரை ஐந்தும் "ஆம்" என்கின்றன. கணு037 "அனுமதி மறுக்கப்பட்டது" என்கிறது. மூன்று பேசவேயில்லை. ஐந்தும் அடுத்தடுத்த எண்களாயிருப்பதே ஒரு தடயம்: அவை பின்னால் வாங்கிச் சேர்த்தவை, அவற்றில் கடிகாரத்தைத் தொடும் தலைமை அதிகாரத்துக்கு மறுபடியும் கடவுச்சொல் கேட்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள், தட்டுவதற்கு மனிதர் இல்லாததால் கட்டளை முறிந்துபோயிற்று. அவை விட்டுச்சென்ற எண்ணைப் பார்த்தால் அது பூஜ்யமாயிராது. கணு037-க்கு அண்மையில் வட்டு மாற்றி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். நிர்வாகியின் பொதுச் சாவியை வைக்க மறந்திருக்கிறார்கள். கட்டளை அங்கே நுழையவே இல்லை. எஸ்எஸ்எச் தானே தோற்றுப்போனால் 255 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அந்த ஓர் எண்ணைக் கொண்டு, உள்ளே சென்று தோற்றதையும் உள்ளே செல்லாமலே தோற்றதையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

மௌனம்

எஞ்சியவை பேசாத மூன்று. பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது வராத பையன் "வரவில்லை" என்று குரல் கொடுப்பதில்லை. பதிவேட்டில் அவன் பெயர் இருப்பதனால்தான் அவன் வராதது தெரிகிறது. வந்த குரல்களை மட்டும் எண்ணுகிற ஆசிரியருக்கு வகுப்பு எப்போதும் நிறைந்தே இருக்கும். கணினிகளிடத்திலும், நம்பத்தக்க பெயர்ப் பட்டியல் ஒன்று கையில் இல்லாவிட்டால் மௌனம் கண்ணுக்கே புலப்படாது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு புதிய கூடத்தை ஆள்வதுதான் இத்தொழிலில் மிகச் சாதாரணமான குற்றம் என்பது என் அபிப்பிராயம்.

மௌனத்துக்குப் பொருள் ஒன்றல்ல. கணு088 பழுதுபார்க்கக் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கணு143-இன் கம்பி தளர்ந்திருக்கிறது. இறந்ததென்று நாம் எண்ணிய கணு160-ஓ உயிரோடுதான் இருக்கிறது; ஆனால் மற்றெல்லாவற்றையும்விட நோய் முற்றி, பத்து வினாடிக்குள் கதவைத் திறக்கவும் சக்தியற்றுக் கிடக்கிறது. மருந்து மிக அவசியமான கணு எதுவோ அதுவே மருந்தை வாங்கிக்கொள்ள வரவில்லை! விரைவாக முடிக்க வேண்டுமென்று விதித்துக்கொண்ட பத்து வினாடி வரம்புக்கு நாம் கொடுக்கும் விலை இது. இந்த ஒன்றுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்தி மறுபடி முயல வேண்டும்.

இவற்றினும் சூட்சுமமான மௌனம் ஒன்று உண்டு. கட்டளை போய்ச் சேர்ந்தது. ஆனால் விடை வருவதற்குள் இணைப்பு அறுந்தது. வேலை நடந்ததா, இல்லையா? இந்தப் பக்கம் இருப்பவருக்கு அதை அறிய வழியே இல்லை. கம்பி நிச்சயமற்றதாயிருக்குமானால், எத்தனை ஒப்புகைகளைப் பரிமாறிக்கொண்டாலும் கடைசி ஒப்புகை சேர்ந்ததா என்ற சந்தேகம் எஞ்சியே தீரும் என்பது 1970-களிலேயே நிறுவப்பட்ட உண்மை. தப்பும் வழி ஒன்றே: சந்தேகமானால் மறுபடி செய்வது, அதற்கேற்ப, மறுபடி செய்தாலும் கெடுதல் விளையாத கட்டளைகளையே அனுப்புவது. இதனை மீளினும் மாறாமை என்று குறிப்பிடலாம். "கடிகாரத்தை இப்போதுள்ள நேரத்துக்கு வை" என்பதை இரண்டு தடவை செய்தால் பாதகமில்லை. "இந்தக் கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்" என்பதை இரண்டு தடவை செய்தால் இரண்டு வரி சேர்ந்துவிடும். "அந்த வரி இல்லையானால் சேர்" என்று எழுதுபவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

எட்டாவது கணினி

கேட்காத செவிக்கு என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச் சந்தையின் சரித்திரத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. நைட் கேப்பிட்டல் என்ற வர்த்தக நிறுவனம், பங்கு ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பும் தன் எட்டு வழங்கிகளில் 2012 ஜூலை இறுதியில் புதிய நிரலை ஏற்றத் தொடங்கியது. ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏற்ற மறந்துவிட்டார்கள், மறந்ததை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. ஆகஸ்ட் முதல் தேதி சந்தை திறந்ததும், எட்டாவது வழங்கியில் நெடுநாளாக உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, யாரும் கேளாத பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிஷத்தில் நாற்பது லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இந்தச் சம்பவத்தில் என்னை வியக்கவைப்பவை அந்த மறதியைவிட வேறு இரண்டு விவரங்கள். சந்தை திறப்பதற்கு முன்பே, கோளாறைச் சுட்டிய 97 மின்னஞ்சல்களை அந்நிறுவனத்தின் கணினிமுறை தன் ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. எச்சரிக்கை என்ற உருவில் அவை அமையாததால் எவரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. விபரீதம் தொடங்கிய பின்னரோ, புதிய நிரல்தான் குற்றவாளி என்று கருதி, சரியாயிருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். அந்த ஏழும் எட்டாவதைப் போலவே நடக்கத் தொடங்கின. எட்டுக் கணினிகளையும் ஒரே கேள்வி கேட்டு, ஏழு ஒரு விதமாகவும் ஒன்று வேறு விதமாகவும் விடை சொல்வதைப் பார்த்திருந்தால் குற்றவாளி எது என்பது அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

குறைவாகப் போய்ச் சேர்ந்த உத்தரவின் கதை இது. மிகுதியாகப் போய்ச் சேர்ந்ததன் கதை 2017 பிப்ரவரி 28-இல் நடந்தது. அமேஸான் நிறுவனத்தின் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையில், சில வழங்கிகளை மட்டும் விலக்குவதற்காகப் பொறியாளர் ஒருவர் இட்ட கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாக அமைந்துவிட, எண்ணியதைவிட அதிகமான வழங்கிகள் விலக்கப்பட்டன. வடக்கு வர்ஜீனியாவிலிருந்து நடந்த அச்சேவை நான்கு மணி நேரத்துக்கு மேல் தடுமாறியது. அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்களும் உடன் சாய்ந்தன. அந்நிறுவனம் பின்னர் செய்த திருத்தம் கவனிக்கத்தக்கது: அந்தக் கருவியை முன்னினும் மெதுவாக வேலை செய்யும்படி மாற்றினார்கள், இன்றியமையாத அளவுக்குக் கீழே வழங்கிகளைக் குறைக்க அது மறுக்கும்படியும் செய்தார்கள். வேகமே பெருமையாயிருந்த கருவிக்கு வேண்டுமென்றே வேகத்தடை! ஆன்ஸிபிள் ஐந்து என்ற சிறிய விரிகையோடு தொடங்குவதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது. முதலில் ஒரு கணுவில் செய்து பார்த்து, பின்னர் ஐந்தில், பின்னர்தான் எல்லாவற்றிலும் என்று போகிற நிர்வாகிகளைச் சோம்பேறிகள் என்று நினைக்கலாகாது.

தானே வந்து கேட்கும் கணினி

இவ்வளவையும் பார்த்தபின், உத்தரவை நாம் கொண்டுபோய்க் கொடுப்பானேன், கணினிகளே வந்து கேட்டுக்கொண்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றுவது இயற்கை. 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் சிஎஃப்என்ஜின் என்ற நிரலை எழுதத் தொடங்கியது ஏறக்குறைய இந்த எண்ணத்தோடுதான். கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற வர்ணனை ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கணினியும் அவ்வப்போது அதைப் படித்து, தன் நிலை அதனின்று மாறுபட்டிருந்தால் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். 2005-இல் வந்த பப்பெட் என்னும் நிரலின் ஆட்சியிலுள்ள கணினிகள், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அரை மணிக்கு ஒரு தடவை இவ்வாறு வந்து கேட்கின்றன. மௌனமாயிருந்த கணு விழித்தெழுந்ததும் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். கட்டளையும் இயல்பாகவே மீளினும் மாறாததாகிவிடும்.

எனினும், கணினிகள் கொதித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அரை மணி காத்திருக்க எந்த நிர்வாகிக்கும் பொறுமை இருந்திருக்காது. அவசரத்துக்கு ஷெல்லும் ஒரு வரியும் வேண்டியே இருந்தன. பழுதுபார்க்கப் போயிருந்த கணு088-க்கு அந்த வரியும் தேவையில்லை. மின்சாரம் நின்று மறுபடி துவங்கிய கணினியில் அந்நோய் இருப்பதில்லை. அதற்கும் மற்ற 199-க்கும் ஒருசேரத் தேவைப்பட்டது, பிழை திருத்திய லினக்ஸ் மையப்பகுதி. அடுத்த மிகை வினாடி 2015 ஜூன் 30-இல்தான் வந்தது. அரை மணிக்கு ஒரு தடவை வந்து கேட்கும் முறைக்கு அதற்குள் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது.